ஸ்பைசர் ஓடையில் தண்ணீர் உண்டு

பிக்கெட் மலை மூன்றே வருடத்தில் காணாமல் போனது. முதலில் மரங்களை வெட்டினார்கள். பிறகு வெடி வைத்து மலையின் தலையைக் கழற்றினார்கள். கழற்றிய பாறையையும் மண்ணையும் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி, அங்கே மழைக்காலத்தில் ஓடுகிற ஓடையை மூடினார்கள். உள்ளே இருந்த நிலக்கரி ரயிலேறிப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு மொட்டை வெளி. அதில் கம்பெனி தூவிய புல்விதைகூட அரை மனதாகத்தான் முளைத்தது.

அந்த மலைக்கு அனுமதி கொடுக்கும் முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கூட்டத்துக்கு நான்கு பேர் போனார்கள். அந்த நால்வரில் ஒருவர் கழிப்பறையைத் தேடி வந்தவர்.

வெர்லீன் ஸ்டில்ட்னர் அன்று போகவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து கால் வலித்தது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். கால் வலித்தது உண்மைதான். ஆனால் பத்துப் பேர் கூடிய இடத்தில் வாய் திறப்பதென்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அதைவிட உண்மை. இரண்டாவது வருடம் அவள் கிணற்றுத் தண்ணீர் ஆரஞ்சு நிறமானது. வெள்ளைத் துணியெல்லாம் தேநீரில் முக்கி எடுத்ததுபோல் ஆயின. அழுகிய முட்டை வாடை அடிக்கிற தண்ணீரில் ஒரு மாதம் பல் துலக்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு மேலே ஓடும் ஸ்பைசர் ஓடையிலிருந்து குழாய் இழுத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. பள்ளத்தாக்கின் கடைசி வீடு அவளுடையது. அந்த ஓடைதான் அவளுக்கு மிஞ்சியிருந்த நல்ல தண்ணீர்.

மார்ச் மாதம் அதற்கும் ஆபத்து வந்தது. வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், பழைய டிராக்டர் விற்பனைக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில் ஓர் அறிவிப்பு. ஸ்பைசர் மலையை வெட்டவும், ஓடை ஓடும் பள்ளத்தை நிரப்பவும் அதே கம்பெனி அனுமதி கேட்டிருந்தது.

அந்த ஓடை போனால் வீடு போனதுதான். தண்ணீர் இல்லாத வீட்டை யார் வாங்குவார்கள்? யார்தான் அதில் இருப்பார்கள்? ஊரில் யாராவது எழுதிக் கேட்டால்தான் கூட்டம் நடத்துவார்கள் என்று அறிவிப்பின் கடைசி வரி சொன்னது. வெர்லீன் உட்கார்ந்து எழுதினாள். நான்கு முறை கிழித்துவிட்டு ஐந்தாவதைத் தபாலில் போட்டாள். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஏப்ரல் மூன்றாம் வெள்ளி, மாலை ஆறு மணி, பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக்கூடமான ஜிம்.

தேதியைப் படித்ததும் அவள் நாட்காட்டியைப் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் காட்டுப்பூண்டு விருந்து. பனி உருகியதும் மலைச்சரிவில் முதலில் தலை நீட்டுகிற பச்சை அது. தீயணைப்புத் தொண்டர்கள் மூட்டை மூட்டையாகத் தோண்டி வருவார்கள். பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கி, பீன்ஸும் சோள ரொட்டியும் பக்கத்தில் வைத்தால் பங்காளிச் சண்டைக்காரர்கள்கூட ஒரே மேசையில் உட்காருவார்கள். சாப்பிட்டவர்களின் மேல் மூன்று நாளைக்கு அந்த வாடை போகாது. திங்கட்கிழமை பள்ளியில் பாதிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. விருந்து நடக்கும் இடம் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம். ஜிம்முக்கு அடுத்த கதவு. சமையலுக்குத் தலைமை வெர்லீன். அந்த வெள்ளிக்கிழமை வேறு எங்கே கூப்பிட்டாலும் அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் வரமாட்டான். தலைநகரத்து மனிதருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

கூட்டத்துக்குக் கூப்பிட அவள் வீடு வீடாகப் போனாள். கதவைத் தட்டிவிட்டு, யாரும் திறக்காமலிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே நின்றாள். திறந்தவர்கள் யாரும் அவளை விரட்டவில்லை. காபி கொடுத்தார்கள். பாவம் என்றார்கள். கம்பெனி நினைத்தால் செய்துவிடும் என்றார்கள். அந்தக் கரிதானே நம்மைச் சாப்பிடவைக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவர் கரிச்சுரங்கத்தை விட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. இன்னொரு வீட்டில் பேச்சு முடியும்வரை தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

கடைசியாகத் தம்பி வீட்டுக்குப் போனாள். டார்சி பிக்கெட் மலையில் பாறை லாரி ஓட்டியவன். ஸ்பைசரிலும் அவன்தான் ஓட்டுவதாக இருந்தது.

"அக்கா, எனக்குச் சம்பளம் போடுறது அந்தக் கம்பெனி. என் பொண்ணு பல்லுக்குக் கம்பி கட்டுனது அந்தக் கம்பெனி இன்சூரன்ஸ். எங்கிட்டயே வந்து நிக்கிறியே."

"உன்னப் பேசச் சொல்லல. வந்து உக்காரு, போதும்."

"உக்காந்தா என்ன ஆகும்? முடிவு பண்ணிட்டுத்தான் வருவானுங்க. உனக்குத் தண்ணிக் கேன் நான் வாங்கிப் போடறேன்."

"குளிக்கிறதுக்கும் வாங்கிப் போடுவியா?"

"நீ வாரத்துக்கு ஒரு நாள் குளிச்சாப் போதும். யாரு பாக்கப் போறா?"

அவன் மனைவி அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். வெர்லீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் திரும்பி நடக்கும்போது சிரிப்பு இல்லை.

கம்பெனியின் விண்ணப்பத்தை ஊர் நூலகத்தில் வைத்திருந்தார்கள், மூன்று தடித்த கோப்புகளாக. மதியச் சாப்பாடு முடிந்ததும் தினமும் போய் ஒரு மணி நேரம் படித்தாள். பாதி புரியவில்லை. ஆனால் இரண்டாவது கோப்பில் ஒரு வரி நன்றாகவே புரிந்தது. ஸ்பைசர் ஓடை என்பது மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் வறண்ட பள்ளம் என்று அதில் இருந்தது. வருடம் முழுக்க ஓடுகிற ஓடையை மூட அனுமதி கிடையாது; வறண்ட பள்ளத்தை மூடலாம். மண் கொட்ட இடம் கிடைத்தால்தான் மலையை வெட்ட முடியும். ஆக, மொத்த மலையும் அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

இதையும் அவள் நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தாள். பொய்க்காரன்கள் என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அதிகாரி வந்தார். ஹாலோவே என்று பெயர். மெலிந்த, களைத்த மனிதர். ஜிம்மில் முப்பது மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு, அதிலும் பத்தை மறுபடி மடக்கி வைத்தார். வெர்லீன் மேலங்கியில் கையைத் துடைத்தபடி கதவருகே வந்து நின்றாள்.

"சார், இன்னிக்கு எங்க விருந்து வரிசை கொஞ்சம் நீளமா இருக்கும். வெளிய குளிரா இருக்கு. ஜிம்முக்குள்ள நிக்கட்டுமா?"

அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். தாராளமாக நிற்கட்டும், தனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று என்றார்.

வெர்லீன் சமையலறைக்குத் திரும்பிப் போனாள். வழக்கமாக ஆறு அடுப்பில் ஆறு பெரிய வாணலி ஏறும். அன்று அவள் ஒரே ஓர் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆறு மணிக்கு ஊரே வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் வந்தார்கள். பீன்ஸ் இருந்தது, ரொட்டி இருந்தது, பூண்டு மட்டும் ஒரு வாணலியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதன் வாடை மட்டும் கட்டடம் முழுக்க. வரிசை சாப்பாட்டுக்கூடத்தை நிரப்பி, நடையைத் தாண்டி, ஜிம்முக்குள் வளைந்து, சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஓர் அடிகூட நகரவில்லை. தீயணைப்புத் தலைவர் பர்ல் எஸ்டெப் சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

"என்னம்மா, ஒரே சட்டி?"

"மத்த அடுப்பு சரியா எரியல."

"நேத்து நல்லாத்தான எரிஞ்சுது?"

"இன்னிக்கு எரியல."

பர்ல் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. வரிசை எதுவரை நிற்கிறது என்று பார்க்க ஜிம்முக்குப் போனார்.

அங்கே கம்பெனியின் பொறியாளர் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிகளில் ஐந்து பேர். சுவரோரமாக வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் இருநூறுக்கு மேல். பசியோடு நிற்பவனுக்குக் காது கூர்மையாக இருக்கும். பொறியாளர் அதைக் கவனிக்கவில்லை. வேலைவாய்ப்பு, வரி, புதிய சமவெளி என்று பேசிக்கொண்டே போனவர் அந்த வரிக்கு வந்து சேர்ந்தார். ஸ்பைசர் ஓடை மழையில்லாத நாட்களில் நீரில்லாத வறண்ட பள்ளம்.

சுவரோரத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். பர்ல் கையைத் தூக்கினார்.

"தம்பி, எந்த ஓடையச் சொல்றீங்க?"

"ஸ்பைசர் ஓடை."

"அப்ப காலையில இத்தனை மூட்டைப் பூண்டையும் நான் எதுல கழுவுனேன்? என் கண்ணீர்லயா?"

ஜிம் முழுக்கச் சிரித்தது. பொறியாளருக்கும் வாய் இருந்தது. வசந்தத்தில் எந்தப் பள்ளத்திலும் தண்ணீர் இருக்கும், கோடையில் போய்ப் பார்க்க வேண்டும், தங்கள் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள் என்றார். சிரிப்பு அடங்கியது. அவருக்குத் தெம்பு வந்தது. வரிசையில், மின்னும் பட்டை போட்ட கம்பெனிச் சட்டையோடு நின்ற ஒருவனைக் காட்டினார்.

"நான் சொன்னா நம்பாதீங்க. நம்ம தொழிலாளியே நிக்கிறாரு. தினம் அந்தப் பக்கம் போறவரு. அவரக் கேளுங்க."

அது டார்சி.

பர்லின் பின்னாலேயே கரண்டியோடு வந்திருந்த வெர்லீன் ஜிம் கதவிலேயே நின்றுவிட்டாள். அவன் பூண்டுக்காகத்தான் வந்திருந்தான். அவனுக்கு வேலை இருக்கிறது, குழந்தைக்குப் பல் இருக்கிறது. அவன் என்ன சொன்னாலும் அவள் கோபித்துக்கொள்ள முடியாது.

டார்சி தொப்பியைக் கழற்றினான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேர் சொல்லணுமா?"

"சொன்னாத்தான் பதிவாகும்," என்றார் ஹாலோவே.

"டார்சி ஸ்டில்ட்னர். எனக்குப் பதினாலு வயசு அப்ப. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. எங்க சபையில ஆகஸ்ட்ல மட்டும்தான் முழுக்கு ஞானஸ்நானம். தோட்ட வேலையெல்லாம் முடிஞ்சிருக்கும் பாருங்க. அந்த வருஷம் சோளமெல்லாம் கருகிப்போச்சு, அப்படி ஒரு வறட்சி. பாஸ்டர் என்னைய ஸ்பைசர் ஓடையிலதான் முக்குனாரு." அவன் மார்பில் கையை வைத்தான். "தண்ணி இது வரைக்கும். பல்லு கிடுகிடுன்னு அடிச்சுது. பாவம் போச்சான்னு தெரியல, ஒரு வாரம் சளி பிடிச்சுது."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது வறண்ட பள்ளம்னு எழுதிட்டா, நான் ஞானஸ்நானம் வாங்காதவன்னு ஆயிடும். எங்கம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது சார்."

ஹாலோவே பேனாவைக் கீழே வைத்தார். அதே ஓடையில், அதே ஆகஸ்ட் மாதத்தில் முழுக்குப் பெற்றவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்.

கைகள் உயர்ந்தன. ஒன்று, ஐந்து, இருபது. காலித் தட்டைப் பிடித்திருந்தவர்கள் தட்டோடு உயர்த்தினார்கள். கரிதான் நம்மைச் சாப்பிடவைக்கிறது என்று சொன்னவர் இரண்டு கையையும் உயர்த்தினார். நிலக்கரிக்கு அவர்கள் யாரும் எதிரியல்ல. ஆனால் தன் ஞானஸ்நானத்தை ஒருவன் பொய் என்று எழுதிவைத்தால் அதற்குப் பிறகு சும்மா நிற்பது எப்படி?

ஒவ்வொருவராக மைக்கின் முன்னால் வந்து பெயரும் வருடமும் சொல்ல வேண்டும் என்றார் ஹாலோவே. வரிசை அப்படியே திரும்பியது. சாப்பாட்டுக்கு நின்றவர்கள் மைக்குக்கு நின்றார்கள். வறட்சி வருடங்கள் எல்லாம் வெளியே வந்தன. கிணறு வற்றிய வருடம், மாடுகளை விற்ற வருடம், ஓடைக்குத் தொட்டி கொண்டுபோய் நிரப்பிய வருடம். சபையின் பதிவேட்டை வைத்திருந்த பெண் வீட்டுக்குக் காரை விரட்டி அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எழுபத்தொரு வருடத்து ஆகஸ்ட் அதில் இருந்தது.

வெர்லீன் சமையலறைக்குப் போய் மற்ற ஐந்து அடுப்பையும் பற்றவைத்தாள். அவை நன்றாகவே எரிந்தன.

நூற்று அறுபத்து மூன்று பேர் பேசினார்கள். கடைசியில் ஹாலோவே, ஆகஸ்ட் மாதம் தானே நேரில் வந்து ஓடையில் நடந்து பார்ப்பதாகவும், தண்ணீர் எதுவரை நிலையாக இருக்கிறதோ அங்கே அடையாளம் கட்டுவதாகவும் அறிவித்தார். அடையாளத்துக்குக் கீழே ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது. அதற்கு மேலே கம்பெனியின் விருப்பம். பிறகு அவர் இரண்டு தட்டுப் பூண்டு சாப்பிட்டார்.

அந்தக் கோடையில் மழை வரவில்லை. ஜூலை முழுக்க ஒரு தூறல்கூட இல்லை. டார்சியைக் கம்பெனி ஒன்றரை மணி நேரம் தள்ளி இருந்த இன்னொரு இடத்துக்கு மாற்றிவிட்டது. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை, வெர்லீனும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவான். தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது.

ஆகஸ்ட் இருபத்தொன்பது காலை ஹாலோவே வந்தபோது அவருக்குப் பின்னால் நடக்க அறுபது பேர் நின்றிருந்தார்கள். கம்பெனிப் பொறியாளரும் வரைபடத்தோடு வந்தார். முதல் அரை மைல் ஓடை ஓடை மாதிரி இருந்தது. பிறகு மெலிந்தது. பிறகு குட்டை குட்டையாக நின்றது. பழைய மேப்பிள் மரம் சாய்ந்து கிடக்கும் இடத்தில் வெறும் கல். வெள்ளையாய், சூடாய், காய்ந்து கிடந்த கல்.

பொறியாளர் மரியாதையாகவே பேசினார். "இதுக்கு மேல இல்ல சார். எங்க வரைபடமும் இதத்தான் சொல்லுது."

ஹாலோவே சுற்றிலும் பார்த்தார். அவர் கையில் ஆரஞ்சு நாடா இருந்தது. அதை அங்கே கட்டினால் மேலே மீதிப் பள்ளம் முழுவதும் மண்ணுக்குப் போய்விடும். பிக்கெட் மலைக்குக் கீழே வந்த ஆரஞ்சுத் தண்ணீர்தான் இங்கேயும் வரும். அறுபது பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் நாடாவின் நுனியைப் பிரித்தார்.

"கல்லப் புரட்டுங்க."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். வெர்லீன் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

"மேல காஞ்சிருக்கும் சார். அடியில காயாது. சின்ன வயசுல தூண்டிலுக்கு நாங்க ஊத்துப்பல்லி பிடிச்சது எல்லாம் இதுக்கு மேலதான். ஆகஸ்ட்லதான் பிடிப்போம். கல்லப் புரட்டுங்க."

டார்சிதான் முதலில் குனிந்தான். ஒரு தட்டைக் கல்லை இரண்டு கையாலும் பெயர்த்தான். அடியில் கறுப்பாய் ஈரம். ஈரத்துக்கு நடுவே ஓர் உள்ளங்கைத் தண்ணீர். அதில் விரல் நீளத்துக்குப் பல்லி போன்ற ஒன்று வாலை ஆட்டியது. தலைக்கு இரண்டு பக்கமும் இறகு போலச் செவுள்.

ஹாலோவே அப்படியே முழங்காலிட்டார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இது குஞ்சு என்றார். செவுள் உதிர்ந்து கரையேற இதற்கு இரண்டு வருடம் வேண்டும், அதுவரை தண்ணீருக்குள்ளேயேதான் இருந்தாக வேண்டும் என்றார். எழுந்து நாடாவைப் பைக்குள் வைத்தார்.

"இன்னும் மேல போலாம்."

அதற்குப் பிறகு அது ஆய்வாக இல்லை, திருவிழாவாக இருந்தது. அறுபது பேரும் ஓடையின் இரு பக்கமும் குனிந்தபடி ஏறினார்கள். பல வருடம் முதுகுவலி என்று சொல்லிவந்தவர்கள் பாறையைப் புரட்டினார்கள். இங்கே ஒன்று, இங்கே இரண்டு என்று குரல்கள் மேலிருந்தும் கீழிருந்தும் வந்தன. ஒவ்வொன்றையும் ஹாலோவே பார்த்து, குறித்து, கல்லைப் பழையபடி மூடச் சொன்னார். பொறியாளரின் காலணி சேற்றில் புதைந்தது. பர்ல்தான் கைகொடுத்து இழுத்துவிட்டார்.

"பாத்து தம்பி. வறண்ட பள்ளம், வழுக்கும்."

பொறியாளர் காலணிச் சேற்றைக் கல்லில் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்ததை வெர்லீன் கண்டாள்.

மலையின் உச்சிக்கு இருநூறு அடி கீழே, ஒரு கரும்பாறையின் வெடிப்பிலிருந்து தண்ணீர் வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதம் மழை இல்லாத மலையிலிருந்து, சத்தமில்லாமல். அதற்கு மேலே ஓடை இல்லை, வானம்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற பீச் மரத்தில் ஹாலோவே நாடாவைக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டார். பொறியாளர் வரைபடத்தை விரித்து, நாடா இருக்கும் இடத்தில் விரலை வைத்து, மண் கொட்ட எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தார். பிறகு அதை மடித்துவிட்டார்.

அக்டோபரில் கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ஆனால் எந்த நாளில் ஜெயித்தீர்கள் என்று ஸ்பைசர்காரர்களைக் கேட்டால் அந்தக் கடிதத்தை யாரும் சொல்வதில்லை; நாடா கட்டிய அந்த ஆகஸ்ட் நாளைத்தான் சொல்வார்கள்.

அன்று பாறையடியில் ஆளாளுக்கு முட்டி மோதிக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள். டார்சி முகத்தை வெடிப்பில் ஒட்டவைத்துக் குடித்துவிட்டு, தாடியிலிருந்து சொட்டச் சொட்டத் திரும்பினான்.

"அக்கா, இவ்வளவு சத்தமா நீ பேசி நான் கேட்டதே இல்ல."

"இன்னும் ஒண்ணு கேளு. நகரு, எனக்குத் தாகம்."

பர்ல் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார். கீழே சாலையில் தீயணைப்பு வண்டியோடு நின்ற ஆளிடம், சைரனைப் போடச் சொன்னார். எங்கே தீ என்று அந்த ஆள் கேட்டான். தீயும் இல்லை, ஒன்றும் இல்லை, போடு என்றார் பர்ல்.

சைரன் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கிளம்பி, ஸ்பைசர் மலையில் மோதி, எதிரொலித்துத் திரும்பியது. பாறையின்மேல் ஏறி நின்ற வெர்லீனுக்குக் கீழே எல்லா வீடுகளும் தெரிந்தன. வர மறுத்தவர்கள், தொலைக்காட்சியை அணைக்காதவர்கள், எதற்கு வீண் வேலை என்றவர்கள் எல்லோரும் எங்கேயோ தீப்பிடித்துவிட்டதென்று பதறி வாசலுக்கு ஓடிவந்தார்கள். புகையைத் தேடி அண்ணாந்து பார்த்தார்கள். புகை இல்லை. மலைதான் இருந்தது, மேலே அறுபது பேர் கையசைத்துக்கொண்டு நின்றார்கள்.